எக்ஸ் கதிர் நிறமாலையிலிருந்து பாய வரைபடம்: எக்ஸ்ஸ்பெக்கில் முதல்முறை வரைபவர்களுக்கு

எக்ஸ் கதிர் வானியலுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் ஒளியியல் தொலைநோக்கித் தரவுகளில் கைபழகிவிட்டு வருகிறவர்கள், சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: "நிறமாலைக் கோப்பு கையில் இருக்கிறது. செங்குத்து அச்சில் பாயத்தை, அதாவது ஃப்ளக்ஸை, வைத்து வரைய என்ன கட்டளை?"

கட்டளை ஒரே வரிதான். எக்ஸ் கதிர் நிறமாலைகளை அலசும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் 'பிளாட் ஈஈயூஎஃப்ஸ்பெக்' என்று தட்டினால் படம் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் புள்ளிகள் சுத்தமான தரவு இல்லை. அதற்கு முன் நீங்கள் பொருத்திய மாடலும் (வான்பொருளின் நிறமாலை இப்படி இருக்கலாம் என்று எடுத்துக்கொண்ட கணித வடிவம்) அவற்றுக்குள் கலந்திருக்கிறது. மாடலை மாற்றினால் புள்ளிகளும் நகரும். இது தெரியாமல் படத்தை வரைந்து, அதிலேயே கோடுகளையும் வளைவுகளையும் கண்டுபிடித்து மகிழ்ந்துபோனவர்கள் நிறையப் பேர். அதனால் கட்டளையோடு, அது உள்ளே என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் இயங்கும் ஹீசார்க் காப்பகம் ஹீசாஃப்ட் என்ற மென்பொருள் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. எக்ஸ்ஸ்பெக் அதற்குள் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸை ஏற்றிக்கொள்ளலாம். நிறுவுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் காப்பகத் தளத்திலேயே விளக்கம் தெளிவாக இருக்கிறது, இங்கே நீட்டவில்லை. புதிய டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஹீசாஃப்டின் தொடக்க ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "எக்ஸ்ஸ்பெக் கட்டளையே இல்லை என்கிறதே" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தரவுப் பக்கம் வழக்கமாக நான்கு கோப்புகள் வேண்டும். மூலத்தின், அதாவது நாம் பார்க்கும் வான்பொருளின், நிறமாலை (பிஹெச்ஏ அல்லது பிஐ என்று முடியும்), பின்னணி நிறமாலை, ஆர்எம்எஃப், ஏஆர்எஃப். கடைசி இரண்டும் கருவியின் இயல்பைச் சொல்பவை (விளக்கம் கீழே வருகிறது). அவற்றைத்தான் சேர்த்து ரெஸ்பான்ஸ் என்கிறோம். சில கருவிகளில் இரண்டையும் பெருக்கி ஒரே ஆர்எஸ்பி கோப்பாகவே தந்துவிடுவார்கள். சந்திரா, எக்ஸ்எம்எம் நியூட்டன், நியூஸ்டார், நம் ஆஸ்ட்ரோசாட் என்று எந்தச் செயற்கைக்கோளின் தரவாக இருந்தாலும் கோப்பு வடிவம் ஏறக்குறைய இதேதான். அதனால் ஒன்றில் கற்றுக்கொண்டால் மற்றவற்றிலும் கை ஓடும்.

பழகுவதற்கு எக்ஸ்ஸ்பெக் கையேட்டின் செய்முறைப் பகுதியில் வரும் எஸ்54405 என்ற நிறமாலையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் எக்ஸோசாட் 1985 ஜூனில் எடுத்த தரவு அது. எக்ஸ்ஸ்பெக்கின் முதல் வடிவம் 1983-இல் கேம்பிரிட்ஜில் எழுதப்பட்டதே எக்ஸோசாட் தரவை அலசத்தான் என்பதால் இந்தத் தேர்வு பொருத்தமானதுதான். மூலம், 1ஈ 1048.1-5937 என்ற எக்ஸ் கதிர்த் துடிப்பான். சுமார் 6.4 வினாடிக்கு ஒரு துடிப்பு. இன்று இதைக் காந்தமீன் (மேக்னட்டார்: மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) வகையில் சேர்க்கிறார்கள். பழகுவதற்கு இது நல்ல கோப்பு என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு: சின்னது, ஒழுங்கானது, எளிய மாடலுக்கே மடங்கிவிடும்.

ஏன் நேராக வகுத்துவிட முடியாது?

ஒளியியலில் திட்ட விண்மீன் ஒன்றைப் பார்த்து, கருவியின் உணர்திறன் வளைவை எடுத்து, எண்ணிக்கையை அதனால் சரிசெய்தால் பாயம் கிடைத்துவிடும். எக்ஸ் கதிரில் அது நடக்காது. காரணம், உணர்கருவி ஃபோட்டானின் ஆற்றலை அப்படியே பதிவு செய்வதில்லை. 6 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலோடு வந்த ஃபோட்டான்கள் 6-ஐச் சுற்றிய பல சேனல்களில் (கருவியின் ஆற்றல் கட்டங்களில்) சிதறி விழும். சிலிக்கான் சிசிடி உணர்கருவி என்றால் அவற்றில் ஒரு சிறு பங்கு 1.74 கேஇவி குறைவாக, 4.26 கேஇவிக்கு அருகில் போய் உட்காரும். உள்ளே உருவான சிலிக்கானின் சொந்த எக்ஸ் கதிர் வெளியே தப்பிப் போய்விடுவதால் வரும் குறைவு அது. இந்தச் சிதறலைச் சொல்வதுதான் ஆர்எம்எஃப். எந்த ஆற்றலில் எத்தனை சதுர சென்டிமீட்டர் பயனுள்ள பரப்பு கிடைக்கிறது என்பதைச் சொல்வது ஏஆர்எஃப்.

ஆக, ஒரு சேனலில் விழுந்த எண்ணிக்கை பல ஆற்றல்களிலிருந்து வந்தவற்றின் கூட்டு. இதைப் பின்னோக்கிப் பிரித்து மூல நிறமாலையை எடுக்கக் கணிதத்தில் வழி உண்டு, ஆனால் தரவில் இருக்கும் சிறு இரைச்சல்கூடப் பலமடங்காகப் பெருகி விடையைக் குலைத்துவிடும். அதனால் எல்லோரும் முன்னோக்கியே போகிறார்கள்: ஒரு மாடலை எடுத்துக்கொள், அதை ரெஸ்பான்ஸ் வழியாக அனுப்பு, வரும் எண்ணிக்கையைத் தரவோடு ஒப்பிடு, பொருந்தும் வரை மாடலின் அளவுருக்களை மாற்று. ரெஸ்பான்ஸ் வழியாக அனுப்பிய மாடலை 'மடித்த' மாடல் என்பார்கள். 'யூஎஃப்' என்ற இரண்டு எழுத்து 'மடிப்பைப் பிரித்த' என்பதன் சுருக்கம்.

படிப்படியாக

நிறமாலையும் ரெஸ்பான்ஸும் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் எக்ஸ்ஸ்பெக்கைத் திறந்து:

டேட்டா எஸ்54405.பிஹெச்ஏ

ரெஸ்பான்ஸ் கோப்பின் பெயர் நிறமாலைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். வேறு ஃபோல்டரில் இருந்துகொண்டு முழுப் பாதையைக் கொடுத்து ஏற்றினால் நிறமாலை வரும், ரெஸ்பான்ஸ் கிடைக்காமல் போகலாம். ஏற்றியதும் திரையில் வரும் அந்த நாலைந்து வரியை ஒருமுறை படியுங்கள். எந்த ரெஸ்பான்ஸ், எந்தப் பின்னணி, எவ்வளவு நேரம் பார்த்த தரவு என்று எல்லாம் அதில் இருக்கும். ரெஸ்பான்ஸ் இல்லாமல் பாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து படத்துக்கான ஜன்னலையும் அச்சையும் அமைக்க வேண்டும்:

சிபிடி /எக்ஸ்எஸ்
செட்பிளாட் எனர்ஜி
பிளாட் எல்டேட்டா

இப்போது வருவது எண்ணிக்கைப் படம்: ஒரு வினாடியில், ஒரு கேஇவியில் எத்தனை கவுண்ட். இதன் வடிவத்தில் கருவியின் ஏற்ற இறக்கம் முழுதாகப் பதிந்திருக்கும். மூலத்தின் வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் இதுதான் நேர்மையான படம். பின்னால் குழப்பம் வரும்போதெல்லாம் திரும்பி வரவேண்டிய இடம்.

வேண்டாத பகுதிகளை விலக்குவது அடுத்தது:

இக்னோர் பேட்
இக்னோர் 15.0-**

முதல் வரி, கோப்பிலேயே கெட்டது என்று குறிக்கப்பட்ட சேனல்களை நீக்கும். இரண்டாவது, 15 கேஇவிக்கு மேல் எல்லாவற்றையும். இந்த வரியில் '15.0' என்பதில் இருக்கும் புள்ளியும் பூஜ்யமும் அலங்காரத்துக்கு இல்லை. புள்ளி இருந்தால் அது ஆற்றல். புள்ளியில்லாமல் வெறும் 15 என்று கொடுத்தால் 15-ஆவது சேனல் என்று எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. பாதித் தரவு போன பிறகும் பொருத்தம் அருமையாகவே இருக்கும், ஏனென்றால் பொருத்த வேண்டியது குறைந்துவிட்டதே! எத்தனை சேனல் விலக்கப்பட்டது என்று திரையில் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொள்வது ஒன்றே காப்பு.

இப்போது மாடல்:

மாடல் பிஹெச்ஆப்ஸ்(பவர்லா)
ஃபிட்

'பிஹெச்ஆப்ஸ்' என்பது இடையில் இருக்கும் வாயு எக்ஸ் கதிரை உறிஞ்சுவதைச் சொல்லும். 'பவர்லா' என்பது ஆற்றலின் அடுக்காகக் குறையும் எளிய நிறமாலை; அந்த அடுக்கின் எண்தான் ஃபோட்டான் குறியீடு. ஆரம்ப மதிப்புகளைக் கேட்கும்போது எண்டர் தட்டிக்கொண்டே போகலாம்; இந்தத் தரவுக்கு அது போதும். பொருத்தி முடித்ததும் ஃபோட்டான் குறியீடு 2.2-க்கு அருகிலும், ஹைட்ரஜன் நெடுக்கை அடர்த்தி (பார்வைக் கோட்டில் இருக்கும் வாயுவின் அளவு) சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.5 × 10²² என்றும், அளவெண் 0.013-க்கு அருகிலும் வரும். இந்த அளவெண்ணுக்கு ஒரு பொருள் உண்டு: உறிஞ்சலை நீக்கிவிட்டுப் பார்த்தால் 1 கேஇவியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு வினாடிக்கு, ஒரு கேஇவிக்கு எத்தனை ஃபோட்டான் என்பது. பின்னால் கைக்கணக்கு போட உதவும்.

இங்கே அவசரப்படாமல் ஒரு படம் பாருங்கள்:

பிளாட் எல்டேட்டா டெல்ச்சி

மேலே தரவும் மடித்த மாடலும். கீழே எஞ்சிய வேறுபாடு, பிழையின் மடங்காக. கீழ்ப் படத்தில் புள்ளிகள் பூஜ்யத்தைச் சுற்றி ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் சரி. ஏதாவது ஓர் ஆற்றலில் வரிசையாக எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மாடல் போதவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட மாடலை வைத்துக்கொண்டு பாயப் படத்துக்குப் போகாதீர்கள்.

போதும் என்று தோன்றினால் மட்டும்:

பிளாட் ஈஈயூஎஃப்ஸ்பெக்

கேட்ட படம் இதோ.

ஈ எத்தனை போட வேண்டும்?

மூன்று வகை உண்டு. 'யூஎஃப்ஸ்பெக்' என்றால் ஃபோட்டான் பாயம்: சதுர சென்டிமீட்டருக்கு, வினாடிக்கு, கேஇவிக்கு எத்தனை ஃபோட்டான். முன்னால் ஓர் 'ஈ' சேர்த்தால் அதை ஆற்றலால் ஒருமுறை பெருக்கியது. ஆற்றல் பாய அடர்த்தி. இரண்டு 'ஈ' என்றால் ஆற்றலின் வர்க்கத்தால் பெருக்கியது. ரேடியோ, ஒளியியல் ஆட்கள் அதிர்வெண்ணைப் பாய அடர்த்தியால் பெருக்கி வரைகிறார்களே, அதற்குச் சமமானது இந்த மூன்றாவதுதான். பல அலைநீளத் தரவுகளை ஒரே படத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். குறியீடு 2 உள்ள நிறமாலை இதில் தட்டையான கோடாக வரும். 2-ஐவிடக் கூடினால் சரியும், குறைந்தால் ஏறும். எந்த ஆற்றலில் மூலம் அதிகமாகச் செலவழிக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அலகு விஷயத்தில் ஒரு தலைவலி. இரண்டு 'ஈ' படத்தின் அச்சில் கேஇவியின் வர்க்கம், ஃபோட்டான், கேஇவி என்று நீளமாக எழுதியிருக்கும். சுருக்கினால் அது சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு இத்தனை கேஇவி, அவ்வளவுதான். எர்க் என்ற ஆற்றல் அலகில் வேண்டுமானால் 1.602 × 10⁻⁹ ஆல் பெருக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் 1 கேஇவியில், உறிஞ்சல் இல்லையென்றால், 0.013 கேஇவி, அதாவது 2.1 × 10⁻¹¹ எர்க். இந்த எண்ணைப் படத்தில் பார்த்துவிட்டு "மூலத்தின் பாயம் இதுதான்" என்று எழுதிவிடக் கூடாது. அது ஓர் ஆற்றலில் வளைவின் உயரம். ஒரு பட்டையின் மொத்தப் பாயம் வேண்டுமானால் அந்தப் பட்டை முழுக்கத் தொகையிட வேண்டும்.

புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

மென்பொருள் செய்வது மிக எளிய கணக்கு. ஒவ்வொரு பின்னிலும் (அதாவது சேனல் கட்டத்திலும்) மாடலின் பாயத்தை, மடித்த மாடலின் எண்ணிக்கையால் வகுக்கிறது. வரும் விகிதத்தைத் தரவின் எண்ணிக்கையோடு பெருக்குகிறது. அவ்வளவுதான். தரவு மடித்த மாடலைவிட 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், பாயப் படத்திலும் புள்ளி கோட்டுக்கு 10 சதவீதம் மேலே இருக்கும். புள்ளிகள் மாடலை ஒட்டியே வருவதைப் பார்த்துப் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கோட்டின் வடிவம்தான் புள்ளிகளுக்கும் அச்சாகப் போய்விட்டது.

இதை நம்புவதற்கு நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேலே செய்த படத்தின் எண்களைச் சேமித்துவிட்டு (எப்படி என்று கீழே வருகிறது), 'மாடல் பிஹெச்ஆப்ஸ்(பிபாடி)' என்று கரும்பொருள் மாடலுக்கு மாறி மீண்டும் பொருத்தி, அதே படத்தை வரைந்து சேமியுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். தரவுக் கோப்பு ஒன்றே, ஆனால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. மாடல்கள் எங்கே அதிகம் பிரிகின்றனவோ, உணர்கருவியின் சிதறல் எங்கே பெரிதோ, அங்கே விலகலும் கூடும்.

குறுகிய கோடுகள் இருக்கும் இடத்தில் இது அபாயமாகவே ஆகும். இரும்பின் 6.4 கேஇவி கோட்டுக்காக ஒரு குறுகிய காஸியனை (மணி வடிவ வளைவை) மாடலில் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிசிடி உணர்கருவியின் பிரிதிறன் அந்த ஆற்றலில் 130 முதல் 150 இவி அளவு. அதைவிடக் குறுகிய எதையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் பிரித்து வரைந்த படத்தில் புள்ளிகள் கூர்மையான முகடாக எழுந்து நிற்கும். அந்தக் கூர்மை நீங்கள் போட்டது. கருத்தரங்கச் சுவரொட்டிகளில் அப்படிப்பட்ட முகட்டுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

மாடலின் நிழல் முடிந்தவரை விழாமல் ஒரு படம் வேண்டும் என்றால் வழக்கத்தில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, தட்டை மாடல். பவர்லாவை மட்டும் எடுத்துக்கொண்டு குறியீட்டை 0, அளவெண்ணை 1 என்று வைத்து, ஃபிட் கட்டளையே கொடுக்காமல் 'பிளாட் யூஎஃப்ஸ்பெக்' அல்லது 'பிளாட் ஈஈயூஎஃப்ஸ்பெக்' தட்டுவது. மாடலில் வளைவே இல்லாததால் அது தன் வடிவத்தைப் புள்ளிகள்மேல் திணிக்காது. ஒரே மூலத்தின் இரண்டு வெவ்வேறு நாள் தரவுகளை, அல்லது இரண்டு கருவிகளின் தரவை, ஒப்பிட்டுக் காட்ட இது நல்ல வழி. இரண்டு எச்சரிக்கை. பழக்கதோஷத்தில் ஃபிட் கொடுத்துவிட்டால் தட்டை போய்விடும். அப்புறம், இந்தப் புள்ளிகளின்மேல் உங்கள் உண்மையான மாடலின் கோட்டை அப்படியே வரையக் கூடாது. சிதறல் இன்னும் புள்ளிகளில் இருக்கிறது, கோட்டில் இல்லை.

இரண்டாவது, 'செட்பிளாட் ஏரியா'. இதைக் கொடுத்துவிட்டு 'பிளாட் எல்டேட்டா' தட்டினால் எண்ணிக்கை ஒவ்வொரு சேனலிலும் பயனுள்ள பரப்பால் வகுக்கப்பட்டு வரும். தரவு, மடித்த மாடல் இரண்டும் ஒரே விதமாக வகுபடுவதால் ஒப்பீடு கெடாது. எனக்குப் பிடித்தது இதுதான். பாயம்போல் தோன்றும், ஆனால் பொய் சொல்லாது. எம்ஐடியில் உருவான ஐசிஸ் மென்பொருளும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் மாடல் இல்லாமலேயே பாயப் படம் தருகிறது.

படம் அல்ல, எண் வேண்டும் என்றால்

பல சமயம் உண்மையில் தேவைப்படுவது ஓர் எண்தான். உண்மை மாடலைப் பொருத்திய பிறகு:

ஃப்ளக்ஸ் 2.0 10.0

நம் எடுத்துக்காட்டுக்கு 2 முதல் 10 கேஇவி பட்டையில் சுமார் 2.2 × 10⁻¹¹ எர்க் என்று வரும். கைக்கணக்கில் சரிபார்ப்போம். குறியீடு 2.2, அளவெண் 0.013 என்று வைத்துத் தொகையிட்டால் 0.013 × (2⁻⁰·² − 10⁻⁰·²) ÷ 0.2 = 0.0156 கேஇவி; எர்க்கில் 2.5 × 10⁻¹¹. உறிஞ்சலை விட்டுவிட்டதாலும் எண்களை உருட்டியதாலும் கொஞ்சம் கூடுதல், மற்றபடி சரி. இந்த அளவுக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், அலகில் ஆயிரம் மடங்கு தவறு செய்வதிலிருந்து தப்பிக்கலாம்.

ஃப்ளக்ஸ் கட்டளை தருவது மாடலை உள்ளபடியே தொகையிட்ட மதிப்பு. அதாவது உறிஞ்சலுக்குப் பிறகு நம்மை வந்து சேர்ந்தது. மூலம் அனுப்பியது எவ்வளவு என்று வேண்டுமானால், பிழை எல்லையோடு சேர்த்துத் தருவதற்கு 'சிஃப்ளக்ஸ்' என்ற மாடல் கூறு இருக்கிறது:

ஆட்காம்ப் 2 சிஃப்ளக்ஸ்

இப்படிக் கொடுத்தால் மாடல் 'பிஹெச்ஆப்ஸ்*சிஃப்ளக்ஸ்*பவர்லா' ஆகும். பட்டையின் இரு எல்லைகளையும், பாயத்தின் மடக்கை மதிப்பின் தொடக்கத்தையும் கேட்கும். 2, 10, −10.6 என்று கொடுங்கள். சிஃப்ளக்ஸ் உறிஞ்சலுக்கு உள்பக்கம் இருப்பதால் வருவது உறிஞ்சலுக்கு முந்தைய பாயம். 'ஆட்காம்ப் 1' என்று கொடுத்திருந்தால் அது உறிஞ்சலுக்கு வெளியே போய் நிற்கும். அப்போது வருவது உறிஞ்சலுக்குப் பிந்தையது. இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

பிறகு பவர்லாவின் அளவெண்ணை உறையவைக்க வேண்டும்:

ஃப்ரீஸ் 6
ஃபிட்
எரர் 4

பாயத்தை இப்போது சிஃப்ளக்ஸே கட்டுப்படுத்துகிறது. அளவெண்ணையும் சுதந்திரமாக விட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பொருத்தம் முடிவுக்கே வராது. மீண்டும் பொருத்தியதும் புள்ளியியல் மதிப்பு முன்பிருந்ததேதானா என்று பாருங்கள். நீங்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை, அதே மாடலை வேறு விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மாறக் கூடாது. மாறியிருந்தால் எங்கோ கோளாறு. 'எரர்' கட்டளை வழக்கமாக 90 சதவீத எல்லையைத் தரும். மடக்கை அளவில் 0.02 என்பது பாயத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்.

ரெஸ்பான்ஸ் 2 முதல் 20 கேஇவி வரைதான் போகிறது, ஆனால் 0.1 முதல் 100 வரை பாயம் வேண்டும் என்றால் 'எனர்ஜீஸ் எக்ஸ்டெண்ட்' கட்டளையால் மாடலின் ஆற்றல் எல்லையை முதலில் நீட்ட வேண்டும். ஆனால் தரவே இல்லாத இடத்தில் வரும் அந்தப் பாயம் மாடலின் ஊகம் மட்டுமே என்பதையும் கூடவே எழுதுங்கள். உறிஞ்சல் அதிகமுள்ள மூலத்துக்கு 0.5 கேஇவிக்குக் கீழே 'உறிஞ்சலுக்கு முந்தைய பாயம்' தருபவர்களிடம் நான் எப்போதும் இரண்டாவது கேள்வி கேட்பேன்.

படத்தை ஒழுங்காக்குவது

புள்ளிகள் புகைபோல் கலைந்து தெரிந்தால் 'செட்பிளாட் ரீபின் 5 20' கொடுக்கலாம்: 5 சிக்மா (பிழையின் 5 மடங்கு) வரும் வரை, அல்லது அதிகபட்சம் 20 பின் வரை, சேர்த்துக் காட்டு என்று பொருள். இது காட்சிக்கு மட்டும், பொருத்தலைத் தொடாது. பொருத்தலுக்கான பின் சேர்ப்பு வேறு வேலை, அதை 'எஃப்டிகுரூப்பிஹெச்ஏ' கருவியால் முன்கூட்டியே செய்ய வேண்டும். கை-வர்க்கப் புள்ளியியலுக்கு ஒரு பின்னுக்கு 20, 25 கவுண்டாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மங்கலான மூலம் என்றால் 'ஸ்டாட்டிஸ்டிக் சிஸ்டாட்' கொடுத்து குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலுக்குப் போய்விடுங்கள்.

எக்ஸ்ஸ்பெக்கின் சொந்தப் படம் பார்க்கச் சுமார்தான். எண்களை எடுத்துக்கொண்டு வெளியே வரைவதே நல்லது. 'பிளாட்' என்பதற்குப் பதில் 'ஐபிளாட் ஈஈயூஎஃப்ஸ்பெக்' என்று தட்டினால் பிஎல்டி என்ற உள்சூழல் திறக்கும். அங்கே:

டபிள்யூடேட்டா பாயம்1.டிஎக்ஸ்டி
க்விட்

கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் மூன்று வரி தலைப்பு. பிறகு நெடுக்கைகள்: ஆற்றல், பின்னின் பாதி அகலம், பாயம், அதன் பிழை, மாடல். மாடலில் பல கூறுகளைக் கூட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நெடுக்கைகள் வரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நிறமாலை ஏற்றியிருந்தால் நடுவில் 'நோ நோ நோ' என்று நிரம்பிய ஒரு வரி வந்து பிரிக்கும். பைத்தானில் படிக்கும்போது நிரல் அங்கே முட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். தலைப்பைத் தாண்டிவிட்டு, அந்த வரியில் வெட்டி, தனித்தனித் துண்டாகப் படியுங்கள்.

எக்ஸ்ஸ்பெக்கின் பைத்தான் வடிவமான பைஎக்ஸ்ஸ்பெக் தெரிந்தவர்களுக்கு இந்தச் சுற்று வழியே வேண்டாம். படக் கருவியை '/நல்' என்று வைத்து, அச்சைக் கேஇவி ஆக்கி, பிளாட் பொருளை 'ஈஈயூஎஃப்ஸ்பெக்' என்ற பெயரோடு அழைத்தால், எக்ஸ், ஒய், இரண்டின் பிழை, மாடல் என ஐந்து பட்டியலும் நேராகக் கிடைக்கும். மேட்பிளாட்லிப்பில் இரு அச்சும் மடக்கையாக வரைந்தால் முடிந்தது. எர்க் மாற்றத்தையும் அங்கேயே செய்துவிடலாம்.

சந்திரா ஆட்களின் பொருத்தல் மென்பொருளான ஷெர்பாவில் வேலை செய்பவர்களுக்குச் சுருக்கமாக: 'லோட்_பிஹெச்ஏ' வில் ஏற்றி, 'செட்_சோர்ஸ்' கொடுத்து, பொருத்திய பின் 'பிளாட்_சோர்ஸ்' தட்டினால் ரெஸ்பான்ஸுக்கு முந்தைய மாடல் வரையப்படும். பட்டைப் பாயத்துக்கு 'கால்க்_எனர்ஜி_ஃப்ளக்ஸ்'. விடை நேராக எர்க்கிலேயே வரும். பிழை எல்லைக்கு 'சாம்பிள்_எனர்ஜி_ஃப்ளக்ஸ்'.

படத்தின் கீழ்க்குறிப்பில் எந்த மாடலை வைத்துப் பிரித்தது, உறிஞ்சல் சேர்ந்ததா நீக்கியதா, காட்சிக்காக எத்தனை பின் சேர்த்தது, பிழைக்கோடு எத்தனை சதவீதம் என்ற நான்கையும் எழுதுங்கள். உறிஞ்சல் மாடலுக்கு எந்தத் தனிம மிகுதி அட்டவணை (வாயுவில் எந்தத் தனிமம் எவ்வளவு என்ற பட்டியல்) என்பதையும் கட்டுரைக்குள் எங்காவது சொல்லிவிடுங்கள். எக்ஸ்ஸ்பெக் தானாக எடுப்பது 1989-ஆம் ஆண்டு ஆண்டர்ஸ், கிரெவஸ் அட்டவணையை. 'அபண்ட் வில்ம்' கொடுத்து 2000-ஆம் ஆண்டின் வில்ம்ஸ் அட்டவணைக்கு மாறினால் அதே தரவுக்கு நெடுக்கை அடர்த்தி வேறாக வரும். அதோடு உறிஞ்சலுக்கு முந்தைய பாயமும் கொஞ்சம் நகரலாம்.

கடைசியாக, படத்தில் புள்ளிகள் காணாமல் போகும் விவகாரம். பின்னணியைக் கழித்த பிறகு மங்கலான சேனல்களில் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். மடக்கை அச்சில் எதிர்மறை எண்ணுக்கு இடம் கிடையாது. அந்தப் புள்ளிகள் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். மிஞ்சியவை எல்லாம் தற்செயலாக மேலே ஏறிய புள்ளிகள் என்பதால், உயர் ஆற்றலில் நிறமாலை திடீரென்று நிமிர்ந்து தட்டையாவதுபோல் தோன்றும். அப்படி ஒரு நிமிர்வு தெரிந்தால் புதிய கூறு ஒன்றைச் சேர்க்கும் முன் 'பிளாட் டேட்டா' கொடுத்து, மடக்கை இல்லாத அச்சில் அதே பகுதியைப் பாருங்கள். பூஜ்யக் கோட்டுக்கு இருபுறமும் புள்ளிகள் சமமாகச் சிதறியிருந்தால் அங்கே மூலம் இல்லை, பின்னணிதான் இருக்கிறது. அந்த ஆற்றலுக்கு மேல் 'இக்னோர்' கொடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.